நாற்காலியோடு வருகிறவள்

ஜூன் 4, ஞாயிறு

கடலைமிட்டாய் கம்பெனியில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாகப் பால் கணக்குக்குக்கூட உதவாமல் கிடந்தது. இன்றைக்கு எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. வீடு வாங்கப் போகிறேன்.

நான்தான். செண்பகவல்லி, வயது நாற்பத்து மூன்று, மேற்படி கம்பெனியில் கணக்கு எழுதுபவள். மூன்று வயதில் போலியோ வந்து கால் இரண்டையும் எடுத்துக்கொண்டது. வாயை விட்டுவிட்டது. அது செய்த ஒரே தப்பு அதுதான் என்பாள் அம்மா.

மூன்று சக்கர ஸ்கூட்டரில், சக்கர நாற்காலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோவில்பட்டி முழுக்கச் சுற்றி வருவேன். வீட்டுக்குள் வருவதுதான் பெரும்பாடு. வாசலுக்கு ஏழு படி. அப்பா கட்டும்போது தெருவில் ஒரு தடவை வெள்ளம் வந்ததாம். அதற்குப் பிறகு இந்தக் கரிசல் பூமியில் மழை ஒழுங்காகப் பெய்ததே இல்லை, படி மட்டும் நிற்கிறது. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், யாரிடம் சண்டை போட.

காலையில் என்னை நாற்காலியோடு இறக்க இரண்டு பேர், சாயங்காலம் ஏற்ற அதே இரண்டு பேர். வலப்பக்கம் அண்ணன் பேச்சிமுத்து, இடப்பக்கம் மதினி உலகம்மாள். அண்ணன் தொண்டையைச் செருமுவான், அதுதான் சைகை. மறுநொடி நாற்காலி அந்தரத்தில். மதினி கல்யாணமாகி வந்த அன்றைக்கே, கூரைப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இடப்பக்கம் வந்து நின்றவள். இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் நிற்கிறாள்.

என்னைப் போன்றவர்கள் வீடு வாங்க அரசாங்கத்தில் மானியம் கொடுக்கிறார்கள் என்று கண்டுபிடித்து வந்ததும் அவள்தான். ரேஷன் கடை வரிசையில் யாரோ சொன்னார்களாம். விண்ணப்பத்தாளை வாங்கி, என் போட்டோவை ஒட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளியும் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். என்னைக் கிளப்புவதில் இவ்வளவு வேகமா என்று நான் கேட்கவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 9, வெள்ளி

அண்ணன் சட்டைக்குள் அகலமாக ஒரு பெல்ட் கட்டுகிறான். தொந்தியை அமுக்கவாம். ஐம்பதை எட்டப் போகிற வயதில் யாருக்குக் காட்டப் போகிறான் என்று தெரியவில்லை.

ஜூன் 18, ஞாயிறு

வீட்டுத் தரகரோடு இன்று நான்கு வீடு பார்த்தேன். பார்த்தேன் என்றால் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி தெருவில் நின்று பார்த்தேன். தரகர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரே பாட்டுத்தான் பாடினார்.

"ரெண்டே படிதாம்மா. இதெல்லாம் ஒரு படியா?"

"சரி அண்ணாச்சி, ஸ்கூட்டரோட என்னையத் தூக்கிட்டு ஒருவாட்டி ஏறிக் காட்டுங்க" என்றேன். நான்காவது வீட்டில் பாட்டை நிறுத்திவிட்டார்.

ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது, ஆனால் எனக்குப் பிடிக்காது என்று இழுத்தார். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். முன்பாதி இருசக்கர வாகனப் பட்டறையாக இருந்ததாம், பின்பாதியில் மெக்கானிக் குடும்பம் குடியிருந்ததாம். சொந்தக்காரர் இப்போது மகனோடு திருப்பூரில். பட்டறை என்பதால் வண்டி உருட்டி ஏற்ற வாசலில் படியே கிடையாது, அகலமாக ஒரு சாய்தளம்.

ஸ்கூட்டரோடு நேரே உள்ளே போய்விட்டேன். தரையெல்லாம் கிரீஸ் கறை. சுவரில் ஒரு டயர் கம்பெனி காலண்டர். வண்டியை நிறுத்திச் சாவியை உருவினேன். ஒருவர் கையும் மேலே படாமல் ஒரு வீட்டுக்குள் நுழைந்திருக்கிறேன் என்று அப்புறம்தான் உறைத்தது.

"பட்டறைலயாட்டி குடியிருக்கப் போறே?" என்று அம்மா கேட்டாள்.

"நானும் வண்டிதானம்மா" என்றேன்.

ஜூன் 28, புதன்

வங்கியில் கடனுக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்கள். விஷயம் இவ்வளவுதான்: மானியம் வந்து கடனில் பாதியை அடைத்துவிட்டால் மாதத் தவணை என் சம்பளத்துக்குள் அடங்கும். வராவிட்டால் வீட்டை வாடகைக்கு விட்டுத் தவணை கட்டிக்கொண்டு, நான் இந்த ஏழு படியிலேயே கிடக்க வேண்டியதுதான்.

மானியத்துக்கு ஒரே நிபந்தனை. வீட்டை எனக்குத் தோதாக மாற்றி முடித்ததும் அலுவலர் நேரில் வருவார். அவர் கண்முன்னால் நான் யாருடைய துணையும் இல்லாமல் வாசலில் இருந்து அடுப்பங்கரை, குளியலறை வரை போய்வந்து காட்ட வேண்டும். பெண் பார்க்க வருகிற மாதிரி. என்னை யாரும் அப்படி வந்து பார்த்ததில்லை, அதையும் பார்த்துவிடுவோம்.

வீடெல்லாம் தைல வாடை. மதினிக்குத் தலைவலியாம்.

ஜூலை 12, புதன்

பத்திரம் பதிந்தாகிவிட்டது. என் பெயரில். மதினி பத்திரத்தை வாங்கி, படிக்காமலே கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். சந்தோஷத்தை அடக்கிக்கொள்கிறாள் போலும்.

ஜூலை 14, வெள்ளி

நிலையால் வந்தது வினை. பட்டறைக்கு இருந்தது இரும்பு ஷட்டர். அதை எடுத்துவிட்டு மரக்கதவு போட வேண்டும். ஆடி பிறந்தால் நிலை வைக்க முடியாது என்று அம்மா ஒரே அவசரம். ஆசாரி மூன்று பக்கச் சட்டத்தோடு வந்து இறங்கினார். கீழ்ச்சட்டம் வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன், சக்கரம் இடிக்கும். அம்மா கையிலிருந்த மஞ்சள் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டாள்.

"மூணு சட்டத்துல நிலை வச்சா அது வீடாட்டி? வெள்ளிக்கெழம மஞ்சப் பூச நான் எங்க போவேன்? லச்சுமி எங்க உக்காருவா?"

"லச்சுமி உக்காந்தா நான் எப்படிம்மா உள்ள போக?"

ஆசாரி ஒரு பீடியை முடிக்கும்வரை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, கீழ்ச்சட்டத்தைப் போட்டு, அதைத் தரைக்குள் பள்ளம் வெட்டிப் புதைத்து, தரைமட்டமாக இழைத்து விடுகிறேன் என்றார். சட்டமும் இருக்கும், இடிக்கவும் செய்யாது. அம்மா யோசித்தாள். லட்சுமி மேல் சக்கரம் ஏறுமே என்று அடுத்த சந்தேகம். மதினி, "அத்த, கைக்கொழந்த மடியில ஏறி மிதிச்சா தாய்க்கு வலிக்குமா?" என்று ஒரே கேள்வியில் அடைத்துவிட்டாள்.

பள்ளத்தில் நவதானியமும் ஒரு ரூபாய்க் காசும் போட்டு, நாலு சட்டத்தோடு நிலை நின்றது. மதினிக்கு வக்கீல் வேலை பொருந்தும்.

ஜூலை 23, ஞாயிறு

கொத்தனார் வேலை முடிந்தது. அடுப்பு மேடை என் கைக்கு எட்டுகிற தாழ்வில். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. கதவுகள் அகலம். தரையில் கிரீஸ் கறை மட்டும் போக மாட்டேன் என்கிறது. இருக்கட்டும்.

இரவு சாப்பிட்டுவிட்டு வாங்க வேண்டிய சாமான்களை மதினி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். குக்கர், வாளி, தலையணை, துடைப்பம். கடைசியாக, "நாலு நாற்காலி" என்றாள்.

"எனக்கு எதுக்கு மதினி நாற்காலி? நான் நாற்காலியோடதான வாரேன்" என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது. மதினி சிரிக்கவில்லை. "அதுஞ்சரிதான்" என்று எழுந்து ஏனங்களைக் கழுவப் போய்விட்டாள்.

நகைச்சுவை உணர்வு குறைந்துகொண்டே வருகிறது அவளுக்கு.

ஜூலை 26, புதன்

அண்ணன் கட்டிலை விட்டுவிட்டு வெறுந்தரையில் படுக்கிறான். வெக்கையாம். ஆடிக்காற்று ஆளைத் தள்ளுகிறது, இவனுக்கு வெக்கை.

ஆகஸ்ட் 3, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் கணக்கு எழுதுகிறவள், நட்டத்தையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அலுவலர் வருகிற தேதி ஆடியில் விழுந்தது. பால் காய்ச்சாத புது வீட்டில் ஆடி மாதம் கால் வைக்கக் கூடாது என்று அம்மா பத்து நாளாகப் பிலாக்கணம். "நான் எங்கம்மா கால் வைக்கப் போறேன்?" என்று கேட்டுப் பார்த்தேன். எடுபடவில்லை. பிறகு பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, அது பதினெட்டாம் பெருக்கு, தோஷமில்லை என்று அவளே தீர்ப்புச் சொன்னாள்.

அலுவலர் பெயர் ஜெனோவா. முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். கையில் அட்டை, அளவு நாடா. முதலில் எல்லாவற்றையும் அளந்தார். திருப்தியாகத் தலையை ஆட்டினார். "உக்காந்து எழுத ஒரு நாற்காலி கிடைக்குமா?" என்று கேட்டார். இல்லை. நின்றபடியே எழுதினார். பிறகு வெளியே வந்து, "நீங்க தெருவிலேர்ந்து தனியா உள்ள வாங்க, பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் நின்றுகொண்டார்.

நான் சாய்தளத்தில் சக்கரத்தை உருட்டி ஏறினேன். தினமும் கம்பெனியில் செய்கிற வேலைதான். அண்ணனும் மதினியும் ஆளுக்கொரு பக்கமாகக் கூடவே நடந்து வந்தார்கள், பார்க்கத்தான். நிலைக்கு முன்னால் வந்தோம். மஞ்சளும் குங்குமமுமாகச் சட்டம் தரையோடு தரையாகப் பளிச்சென்று இருந்தது. நான் நின்றேன். எதற்காகவும் இல்லை, நின்றேன், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து ஆடிக்காற்றில் ஒரு பிடி மண் வந்து அண்ணன் வாயில் விழுந்தது. தொண்டையைச் செருமினான்.

மதினி இடப்பக்கத்தைத் தூக்கிவிட்டாள். ஒரு பக்கம் மேலே போனால் இன்னொரு பக்கம் என்ன செய்யும், அண்ணனும் தூக்கினான். என் கைகள் எப்போது இரண்டு பேர் தோளுக்கும் போயின என்று தெரியவில்லை. இல்லாத ஒரு படிக்கு மேலாக என்னை அந்தரத்தில் கொண்டுபோய், அரசு அலுவலருக்கு முன்னால் பத்திரமாக இறக்கி வைத்தார்கள்.

அண்ணன் நிமிரவே இல்லை. இறக்கி வைத்த வாக்கிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான். முகமெல்லாம் வேர்வை. உட்கார வைக்க ஒரு நாற்காலி இல்லை, தரையில் இருந்து எழுப்பவும் முடியவில்லை. ஜெனோவா மேடம்தான் தன் பாட்டிலில் இருந்து தண்ணீர் கொடுத்தார். மதினி அவன் சட்டையைத் தூக்கி அந்தப் பெல்டை இறுக்கினாள். அவள் கை அதை எங்கே பிடிக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தது.

ஆகஸ்ட் 4, வெள்ளி

அண்ணனுக்கு முதுகெலும்பில் டிஸ்க் நகர்ந்திருக்கிறது. பொங்கலில் இருந்தே. பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி ஏழு மாதம் ஆகிறது.

நான் ஐம்பத்தெட்டு கிலோ.

ஆகஸ்ட் 5, சனி

அறிக்கையின் நகல் வந்தது. வீட்டைக் குறை சொல்லவில்லை. 'விண்ணப்பதாரர் வாசலில் நின்று உதவிக்குக் காத்திருந்தார். இருவர் தூக்கிச் சென்றனர். வீடு பொருத்தமா என முடிவு செய்ய இயலவில்லை. மறு ஆய்வு தேவை.' மறு ஆய்வு ஆகஸ்ட் 24. அதிலும் தவறினால் விண்ணப்பம் ரத்து.

காத்திருந்தாராம். மூச்சு வாங்க நின்றால் காத்திருப்பதா?

ஆகஸ்ட் 6, ஞாயிறு

அண்ணன் படுக்கையில். அன்றைக்கு என்னைப் படியேற்றி விட்டது தெருக்காரர்கள்தான். வேலைக்குப் போகாமல் இரண்டு நாளாக நானும் உத்தரத்தில் தொங்குகிற காற்றாடி மாதிரி வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறேன். அடுப்பங்கரையில் மதினியைப் பிடித்துக் கேட்டேன்.

"ஏன் மதினி எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லப்பிடாதுன்னுட்டாக உங்க அண்ணன். தெரிஞ்சா நீ வேலைய விட்டுட்டு வீட்டோட கெடப்பியாம்."

"நீங்க என்னைய வெளிய அனுப்பத்தான் அந்தத் தாளத் தூக்கிட்டு அலையுதீகன்னு நெனச்சேன்."

வெங்காயத்தை அரிந்துகொண்டே இருந்தாள். "அனுப்பத்தான் அலைஞ்சேன். உன்னையத் தூக்கித் தூக்கி அவுக விழுந்துட்டா உன்னைய யாரு தூக்குவா, அவுகளத்தான் யாரு தூக்குவா? கணக்கு எழுதுறவதான நீ, போட்டுப் பாரு." கொஞ்சம் கழித்து, "நீ போயிட்டா காலைல எந்திச்சதும் நான் எந்தப் பக்கம் போய் நிக்கன்னு எனக்கே தெரியல" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் அவள் பக்கம்தான் இருந்தது, எனக்குத்தான் வந்தது. இரண்டு மாதமாக இந்த டைரியில் அவளைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. அவளுக்கு என் கையெழுத்து புரியாது.

ஆகஸ்ட் 9, புதன்

கம்பெனியில் இருந்து இரண்டு பையன்கள் காலையும் மாலையும் வந்து என்னை ஏற்றி இறக்குகிறார்கள். ஒருவன் தூக்கும்போது தொண்டையைச் செருமினான். இறக்குடா என்று கத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

புது வீட்டில் ஒத்திகை. அண்ணன் ஸ்கூட்டரின் பின்னால் குஷன் வைத்து உட்கார்ந்து வந்தான், கேட்க மாட்டேன் என்கிறான். வாசலில் நான் நின்றதும் அவன் கை தானாக வலப்பக்கம் நீண்டது. மதினி அதைத் தட்டிவிட்டாள். தட்டிவிட்ட அவள் கை நேரே இடப்பக்கம் வந்து பிடித்தது. ஆளையே பிடித்துக் கட்டி வைத்தால்தான் உண்டு என்றாள் அம்மா.

கடைசியில் மதினி ஒரு வழி கண்டுபிடித்தாள். அண்ணன் கையில் பூசணிக்காய், திருஷ்டிக்கு வாங்கி வைத்தது, சின்னதுதான். மதினியின் ஒரு கை அம்மா கைக்குள், இன்னொரு கையில் அண்ணனின் தைலப் பாட்டில். இப்படி மூவரும் தெருவில் நிற்க, நான் மட்டும் ஏறிப் போக வேண்டும்.

போனேன். நிலைக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது. சக்கரத்தில் ஏதோ கோளாறு என்று சொன்னேன். மதினி ஓடி வராமல் இருந்த இடத்திலேயே நின்று என்னைப் பார்த்தாள். கொத்தனார் வந்து சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு கோளாறும் இல்லை என்றார். அவருக்கு என்ன தெரியும், அவர் கொத்தனார்.

ஆகஸ்ட் 16, புதன்

கம்பெனி விட்டு வரும் வழியில் தனியாகப் புது வீட்டுக்குப் போனேன். எண்ணெய் போடலாமே என்று. ஸ்கூட்டரில் கட்டியிருந்த நாற்காலியை இறக்கி, அதற்கு மாறி உட்கார்ந்து உருட்டிப் பார்த்தேன். சக்கரம் இன்றும் நிலைக்கு முன்னால் நின்றது. நான்காவது தடவை நிற்கவில்லை. எண்ணெய் வேலை செய்திருக்கிறது.

எண்ணெய் போட மறந்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்ததும்தான் ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் 24, வியாழன்

ஆவணி பிறந்துவிட்டது, அம்மாவுக்கு நிம்மதி. ஜெனோவா மேடம் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். தெருவில் அண்ணன் பூசணிக்காயோடும், அம்மாவும் மதினியும் கையைக் கோத்துக்கொண்டும் நிற்பதைப் பார்த்து, "ஏதாச்சும் பூஜையா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். உள்ளே போனார்.

ஏறினேன். மஞ்சள் பூசிய சட்டம் முன்னால் வந்தது. பின்னால் அண்ணன் செருமுகிற சத்தம் கேட்டது. அதோடு சேர்ந்தே, "சும்மா இருங்க" என்று மதினி அதட்டுகிற சத்தமும். என் கை தோளைத் தேடித்தான் மேலே எழுந்தது. தோள் இல்லை. இறக்கிச் சக்கரத்தில் வைத்துத் தள்ளினேன். லட்சுமி மேல் ஏறி இறங்கினேன், ஒரு குலுக்கல்கூட இல்லை.

அடுப்பங்கரைக்குப் போனேன். குழாயைத் திறந்து மூடினேன். குளியலறையில் கம்பியைப் பிடித்து மாறி உட்கார்ந்து காட்டினேன். ஜெனோவா மேடம் தாழ்வான அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு எழுதினார். 'பொருத்தமானது' என்று அவர் எழுதியதை நான் தலைகீழாகவே படித்துவிட்டேன். மாதக்கடைசிக்குள் மானியம் கடன் கணக்குக்குப் போய்விடும் என்றார். பிறகு வாசல் பக்கம் பார்த்து, "அவங்க ஏன் இன்னும் வெளியவே நிக்கிறாங்க?" என்று கேட்டார்.

வெயிலில் மூன்று பேரும் நின்றபடியே நின்றார்கள். என்ன ஆயிற்று என்று தெரியாமல் அண்ணன் பூசணிக்காயை மார்போடு அணைத்திருந்தான். உள்ளே வரலாமா கூடாதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சொல்ல வேண்டிய ஆள் நான்தான் என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. பிறந்ததில் இருந்து ஒரு வாசலில் நின்று யாரையும் அழைத்ததில்லை. நிலை வரைக்கும் வந்தேன்.

"உள்ள வாங்க" என்றேன்.

அம்மா வலது காலை எடுத்து வைத்தாள். இல்லாத வாசப்படிக்கு முழங்கால் உயரம் தூக்கி வைத்ததில் தடுமாறி, கதவைப் பிடித்துக்கொண்டாள். அண்ணனும் அப்படியே தூக்கித்தான் வைத்தான். மதினியும். ஜெனோவா மேடம் வாயைப் பொத்திக்கொண்டு விடைபெற்றுப் போனார்.

அண்ணனின் முகத்தில் வலி தெரிந்தது. தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. உட்கார வேறு எதுவும் இல்லை. நான் சுவரோரமாகப் போய், ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தரைக்கு இறங்கி உட்கார்ந்தேன். "உக்காருண்ணே" என்று என் நாற்காலியைக் காட்டினேன். வேண்டாம் வேண்டாம் என்றான். மதினி அவனைப் பிடித்து உட்கார வைத்தாள். பூசணிக்காய் மடியில். என்னை வைத்துத் தூக்கித் திரிந்த நாற்காலியில் அவனே உட்கார்ந்திருந்ததை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதினி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். எங்கே நிற்பது என்று தெரியாமல் நாற்காலியின் இடப்பக்கத்தில்.

"மதினி, இங்க வாங்க, உக்காருங்க" என்றேன். கிரீஸ் கறைமேல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவளை உட்காரச் சொன்னது இதுதான் முதல் தடவை.

நாளைக்குக் கம்பெனியில் அரைநாள் லீவு. நாற்காலி வாங்க வேண்டும், நாலு. ஒன்று சாய்ந்துகொள்கிற மாதிரி, மெத்தை வைத்தது. மதினியையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், அவள் உட்கார்ந்து பார்த்து வாங்கட்டும்.